பனிக்குக் கீழே ஒரு பந்தி

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகருக்குச் சற்று வடக்கே ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு குன்றின் சரிவுக்குள் 1960களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் சுரங்கம் ஒன்றைக் குடைந்தார்கள். உறைந்த மண்ணை வெட்டிப் பழகுவது அன்றைய நோக்கம். இன்று அது ஆய்வுக்கூடமாகிவிட்டது. உள்ளே சுவரெல்லாம் சாம்பல் நிற வண்டல். அதில் காட்டெருமை, மாமூத் எலும்புகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுநடுவே, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் முளைத்த புல்லின் வேர்கள் நார் நாராகத் தொங்குகின்றன. சுவரிலிருக்கும் பனி, நீராகாமல் நேரே ஆவியாகிவிடுவதால், அது கட்டிப்பிடித்திருந்த மண் மாவு போல உதிர்ந்து தரையில் படிகிறது. இவ்வளவையும் மீறி உள்ளே நுழைபவரை முதலில் தாக்குவது வாடை. பல காலம் பூட்டிக் கிடந்த ஈர நிலவறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. நாற்றம் அடிக்கிறது என்றால் ஏதோ ஒன்று எதையோ தின்றிருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டுரையின் விஷயமே அதுதான்: வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் யார் எதைத் தின்கிறார்கள், தின்றுவிட்டு எதை வெளியே விடுகிறார்கள்.

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். நமக்கு உறைமண் என்ற சொல் போதும். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா, ஸ்காண்டிநேவியாவின் வடகோடி என்று பரந்து கிடக்கும் இந்த நிலத்தில் ஒவ்வொரு கோடையிலும் மேலே ஒரு முழமோ, சில இடங்களில் ஓர் ஆள் உயரமோ உருகும், பிறகு உறையும். அதற்குக் கீழே உருகாத மண்ணில், மக்காமலே புதைந்துபோன செடிகொடிகளின் மிச்சம் இருக்கிறது. வட உறைமண் பகுதியின் மண்ணில் மொத்தம் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன் இருப்பதாக விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். இப்போது காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 1979க்குப் பிறகு உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகி வருவதால், இந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்குவது இயல்பு.

கலங்கிய வயிற்றுக்குப் பத்திரிகைகள் இரண்டு விதமான தீனி போடுகின்றன. ஒன்று, ஜோம்பி வைரஸ். 30,000 ஆண்டுகள் உறைந்திருந்த ராட்சத வைரஸ் ஒன்றைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2014இல் உயிர்ப்பித்ததும், 2016இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் அடைப்பான் நோய் பரவி 2,000க்கும் மேற்பட்ட பனிமான்களும் ஒரு சிறுவனும் மாண்டதும் உண்மை. அந்த ராட்சத வைரஸ் அமீபாவைத் தவிர யாரையும் தொற்றுவதில்லை என்ற வரி மட்டும் தலைப்புக்குள் இடம் பிடிப்பதில்லை. இன்னொன்று, மீத்தேன் குண்டு: ஒரு நாள் மூடி கழன்று எல்லாமே வெளியே வந்துவிடும் என்ற படம். இரண்டுமே கவனத்தைத் தவறான இடத்துக்கு இழுக்கின்றன என்பது என் கருத்து. எவ்வளவு கார்பன் இருக்கிறது என்ற கேள்விக்கு ஓரளவு விடை தெரிந்துவிட்டது. அது எந்த வாயுவாக, எந்த வேகத்தில் வரும் என்பதைத் தீர்மானிப்பது மண்ணின் ஈரமும் நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கும் கால அவகாசமும். அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காதவர்கள் பீதியைக் கிளப்பினாலும் சரி, பயமில்லை என்று தட்டிக்கொடுத்தாலும் சரி, தப்புக் கணக்குத்தான் போடுகிறார்கள்.

முதலில் காலம். உறைமண்ணில் நுண்ணுயிரிகள் செத்துக் கிடப்பதாக எண்ணுவது தவறு. ஒரு கிராம் மண்ணில் லட்சக்கணக்கில், சில இடங்களில் கோடிக்கணக்கில் அவை இருக்கின்றன. பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி போனாலும், உப்பு கரைந்த நீர் மண்துகளைச் சுற்றி மெல்லிய படலமாக உறையாமல் நிற்கும். அந்தப் படலத்துக்குள் சில பாக்டீரியாக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிழைக்கின்றன. ஃபிரிட்ஜில் வைத்த தோசை மாவு மாதிரி: புளிப்பு நிற்பதில்லை, நத்தை வேகத்தில் ஊர்கிறது. மாவை எடுத்து வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உறைமண்ணை எடுத்து வெளியே வைத்தால்? 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அலாஸ்காவின் ஹெஸ் க்ரீக் பகுதியிலிருந்து எடுத்த மண்ணை ஐந்து டிகிரியில் உருக வைத்துப் பார்த்தார்கள். ஏழே நாளில் அதிலிருந்த நுண்ணுயிரிகளின் மரபணுக் கலவை மாறிவிட்டது. பனிக்குள் சிக்கியிருந்த மீத்தேன் முதலில் வெளியேறியது, பிறகு மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டன. ஆனால் 2025இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஃபாக்ஸ் சுரங்கத்து மண்ணைக் கொலராடோ பல்கலைக்கழகக் குழு உருக வைத்தபோது முதல் மாதம் வளர்ச்சி அசமந்தமாகவே இருந்தது. சில மாதிரிகளில் ஒரு நாளைக்கு லட்சம் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் புதிய செல்கள் உண்டாயின. வெப்பத்தைப் பன்னிரண்டு டிகிரி வரை ஏற்றியும் அந்தத் தொடக்கச் சோம்பல் விலகவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதே மண்ணில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிசுபிசுப்பான படலம் கட்டியிருந்தது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் செய்திகளில் அதிகம் அடிபடவில்லை. சைபீரியாவில் ஒரு நாள் 38 டிகிரி வெயில் அடித்தால் அது தலைப்புச் செய்தி. ஆழத்திலுள்ள நுண்ணுயிரிக்கு அந்த ஒரு நாள் பெரிதல்ல. கோடை முன்னதாகத் தொடங்கி, இலையுதிர் காலத்தைத் தின்றுகொண்டு நீள்கிறதா என்பதே அதற்கு முக்கியம். மூன்று மாதம் இளகிக் கிடக்கும் மண்ணைவிட ஐந்து மாதம் இளகிக் கிடக்கும் மண்ணில் நடக்கும் வேலை பல மடங்காகிவிடக்கூடும். முதல் சில வாரங்கள் வெறும் சோம்பல் முறிப்பிலேயே கழிவதால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் முழு வேலை வாரம்.

அடுத்து ஈரம். மண்ணில் நடக்கும் விருந்தைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் கிடைக்கும்வரை அதைக்கொண்டு மூச்சுவிடும் உயிரிகளுக்கே முதல் பந்தி. அவை கார்பனை வேகமாக எரித்துக் கரியமில வாயுவாக விடும். நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டைக் கொண்டு பிழைப்பவை, பிறகு துருவிலிருக்கும் இரும்பைக் கொண்டு பிழைப்பவை, பிறகு சல்ஃபேட்டைக் கொண்டு பிழைப்பவை என்று வரிசையாக உட்காரும். எல்லோரும் எழுந்த பிறகு கடைசிப் பந்திக்கு வருபவை மெத்தனோஜென்கள். இவை பாக்டீரியாவும் அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். மற்றவை விட்டுவைத்த ஹைட்ரஜன், கரியமில வாயு, அசிட்டேட் ஆகிய எச்சில்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. தமிழ் வாசகருக்கு இந்தப் பந்தி புதிதல்ல. தண்ணீர் கட்டிய நெல் வயலின் சேற்றில் கால் வைத்தால் கிளம்பும் குமிழிகளும், சாண எரிவாயுக் கலனில் அடுப்புக்குக் கிடைப்பதும் இதே குலத்தின் கைவேலை. திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்கிறார்களே, அந்தக் காய்ச்சலின்போது மண்ணுக்குள் காற்று புகுந்து கடைசிப் பந்தியின் இலையை எடுத்துவிடுகிறது, மீத்தேன் குறைகிறது. ஆர்க்டிக்கில் அப்படி மடையைத் திறந்து மூட ஆளில்லை. நிலமே எங்கே தாழ்கிறதோ அங்கே தேங்குகிறது, எங்கே சரிகிறதோ அங்கே வடிகிறது.

இதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோ ஊருக்குப் பக்கத்திலுள்ள ஸ்டோர்டாலன் சதுப்புக்குப் போக வேண்டும். பலகைப் பாதையில் சில நிமிட நடைக்குள் மூன்று காலங்களைக் கடந்துவிடலாம். முதலில், உள்ளே பனி நிற்பதால் உப்பியிருக்கும் பால்சா மேடு. மேலே குட்டைப் புதர்கள், காலுக்கு உலர்ந்த தரை. அடுத்து, பனி பாதி உருகி அமுங்கிய இடத்தில் ஸ்பேக்னம் பாசி மெத்தை. அதற்கும் அப்பால், பனி முற்றிலும் போய்த் தண்ணீர் நிற்கும் இடத்தில் பஞ்சுப்புல்லும் கோரையும். அங்கங்கே தரையில் கண்ணாடி போன்ற பெட்டிகள் பதித்திருக்கிறார்கள். அவற்றின் மூடி தானே இறங்கிச் சில நிமிடம் மூடியிருக்கும், உள்ளே சேரும் வாயுவை அளந்ததும் தானே திறந்துகொள்ளும். பகலும் இரவும் இதே வேலை. அந்த அளவுகளோடு மண்ணிலுள்ள உயிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது விசித்திரமான ஒரு விஷயம் தெரிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மெத்தனோஜென், பாதி உருகிய பாசிச் சதுப்பில் ஆட்சி செய்துகொண்டிருந்தது. 2014இல் அதற்கு அந்தச் சதுப்பின் பெயரையே சேர்த்து மெத்தனோஃப்ளோரன்ஸ் ஸ்டோர்டாலன்மைரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். மண்ணிலிருக்கும் கார்பன் எந்த விகிதத்தில் மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும் என்பதை அறிய, ஆயிரக்கணக்கான உயிரினங்களுக்கு நடுவே இந்த ஒன்றின் எண்ணிக்கை முக்கியமான துப்பாக இருந்தது. வேறு விதமாகச் சொன்னால், யார் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமல் எத்தனை இலை போட்டோம் என்று மட்டும் எண்ணிப் பயனில்லை.

அதே சதுப்பு இன்னொரு நம்பிக்கையையும் கலைத்தது. மண்ணிலுள்ள இரும்புத் துரு கார்பனை இறுகப் பற்றிக்கொண்டு நுண்ணுயிரிகளிடமிருந்து காக்கும் என்பது பொதுவான எண்ணம், பால்சா மேட்டில் அது நிஜமும்கூட. ஆனால் உருகி நீர் தேங்கியதும், இரும்பைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன, அதோடு ஒட்டியிருந்த கார்பனும் அவிழ்ந்துவிடுகிறது. 2020இல் வந்த இந்த முடிவைப் படிக்கும்போது, பூட்டையே தின்னும் திருடன்தான் நினைவுக்கு வருகிறான்.

சரி, ஈரமா உலர்வா, எது மோசம்? இங்கே விஞ்ஞானிகளுக்குள்ளேயே வழக்கு உண்டு. பல ஆய்வகங்களில் உறைமண்ணைப் புட்டியில் அடைத்து அளந்த முடிவுகளை 2016இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, ஆக்சிஜன் உள்ள மண் ஆக்சிஜன் இல்லாத மண்ணைப் போல 3.4 மடங்கு கார்பனை வெளியிட்டது தெரிந்தது. மீத்தேன் வலிமையான வாயு என்பதையும் கணக்கில் எடுத்தாலும் உலர்ந்த மண்ணே அதிகக் கேடு என்றார்கள். இரண்டே ஆண்டில் ஜெர்மானியக் குழு ஒன்று எதிர்வாதம் வைத்தது. அவர்கள் சைபீரிய மண்ணை ஏழு ஆண்டுகள் புட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். பல புட்டிகளில் மீத்தேனே இல்லாமல் ஆண்டுகள் ஓடின, மெத்தனோஜென்கள் குடியேறிப் பெருகவே அவ்வளவு காலம் பிடித்தது. பெருகிய பிறகு மீத்தேனும் கரியமில வாயுவும் சரிபாதியாக வந்தன. அதை வைத்து நூற்றாண்டு இறுதிவரை கணித்தால், நீர் தேங்கிய மண்ணின் சூடேற்றும் விளைவு உலர்ந்த மண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு ஆய்வுகளும் நேர்மையானவை. வேறுபாடு பொறுமையில்தான். சில மாதங்களில் புட்டியைத் திறந்தவர்கள் கடைசிப் பந்திக்காரர்கள் வருவதற்குள் மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள்.

நிலம் எப்படி இடிகிறது என்பதும் இதே கணக்கில் சேரும். பெரும்பாலான கணினி மாதிரிகள் உறைமண் மேலிருந்து ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மெதுவாக உருகும் என்று வைத்துக்கொள்கின்றன. சைபீரியாவின் யெடோமா என்னும் மண்ணில் பாதிக்கும் மேல் பனிக்கட்டியே. அது உருகினால் நிலம் உட்கார்ந்துவிடும். குழியில் ஏரி தேங்கும், ஏரியின் அடியில் உறைபனிக் காலத்திலும் மண் உருகும், குமிழியாக மீத்தேன் ஏறும். அலாஸ்கா ஏரிகளின் பனிப்பரப்பில் துளையிட்டு அந்த வாயுவுக்குத் தீ வைத்துக் காட்டும் காட்சி பலர் பார்த்ததுதான். சைபீரியாவின் யாகுட்டியாவிலுள்ள படகாய் பள்ளம்போலச் சில இடங்களில் தண்ணீர் தேங்காமல் வடிந்து, சரிவே ஆண்டுதோறும் பின்வாங்கிக்கொண்டு போகிறது. இப்படித் திடீரென இடிந்து உருகுவது உறைமண் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் நடக்கக்கூடும், ஆனால் அந்த இடத்தில்தான் ஏறக்குறைய பாதிக் கார்பன் இருக்கிறது என்று 2020இல் ஒரு கணிப்பு வந்தது. சராசரி போட்டுப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது செடிகள் பற்றியது. சூடு கூடினால் ஆர்க்டிக் பசுமையாகும், பசுமை கார்பனை உறிஞ்சும், ஆகவே வரவும் செலவும் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு கட்டம் வரை இது உண்மை. அலாஸ்காவின் எயிட் மைல் ஏரிப் பகுதியில் ஆய்வாளர் டெட் ஷூரும் கூட்டாளிகளும் வெவ்வேறு காலத்தில் உருகிய இடங்களை ஒப்பிட்டு 2009இல் எழுதினார்கள். உருகிச் சுமார் 15 ஆண்டுகளான இடத்தில் செடிகள் மண்ணின் இழப்பை ஈடுகட்டி, மேலும் கொஞ்சம் சேர்த்தும் இருந்தன. பல பத்தாண்டுகளாக உருகிவந்த இடத்தில் செடிகள் இன்னும் செழிப்பாகவே இருந்தன, ஆனால் ஆழத்திலிருந்து வந்த பழைய கார்பன் அவற்றை முந்திவிட்டது. செடி கோடையில் மட்டும் உண்கிறது, நுண்ணுயிரி பனிக்காலத்திலும் வேலை செய்கிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உறைமண் பகுதி விடும் கரியமில வாயுவில் ஆண்டுக்கு சுமார் 170 கோடி டன் கார்பன் இருப்பதாக 2019இல் கணித்தார்கள். கோடையில் செடிகள் வாங்கிக்கொள்வது சுமார் 100 கோடி டன்னே என்றது அதே ஆய்வு. போதாக்குறைக்கு, செழித்து வளரும் வேர்கள் மண்ணுக்குள் சர்க்கரையைக் கசியவிடுகின்றன. அதைத் தின்று தெம்பான நுண்ணுயிரிகள் பக்கத்திலிருக்கும் பழைய கார்பனையும் கடித்துவிடுகின்றன. பசுமையைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தெற்கே உள்ள ஊசியிலைக் காடுகள் பல இடங்களில் இன்னும் கார்பனை வாங்கியே வைக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் காட்டுத்தீயின் புகையையும் சேர்த்தால் தூந்திரப் பகுதி வாங்குவதைவிட அதிகம் கொடுக்கிறது என்று அமெரிக்க அரசின் 2024ஆம் ஆண்டு ஆர்க்டிக் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு பழைய காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்தபோதும் உலகம் சூடானது, அப்போது குண்டு வெடித்ததா? வெடிக்கவில்லை. அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றில் சிறைப்பட்டிருந்த அக்காலக் காற்றுக்குமிழிகளை ஆராய்ந்தவர்கள், பழைய கார்பனிலிருந்து வந்த மீத்தேன் மிகக் குறைவு என்று 2020இல் காட்டினார்கள். மீத்தேன் குண்டுக் கதைக்கு இதைவிடப் பலத்த அடி கிடையாது, அதை மறுக்கவும் நான் முயலப் போவதில்லை. என் வாதத்துக்கு இது ஊறு செய்யவுமில்லை. வெடிக்காதது எல்லாம் ஆபத்தற்றது என்றால் கறையானுக்கு யாரும் மருந்தடிக்க மாட்டோம். மேலும் அந்த மாற்றம் பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்தது, இப்போது சில பத்தாண்டுகளில் நடக்கிறது. அதோடு அந்த ஆய்வு மீத்தேனைப் பற்றியது, உலர்ந்த மண்ணிலிருந்து ஓசையில்லாமல் வரும் கரியமில வாயுவைப் பற்றியதல்ல.

மூன்றாவது மறுப்பு எண்களைக் கொண்டது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, உலகம் ஒரு டிகிரி சூடானால் நூற்றாண்டு இறுதிக்குள் உறைமண்ணிலிருந்து கரியமில வாயு வடிவில் சுமார் 1,800 கோடி டன் கார்பன் வரும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர்கள் விடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். ஆக, ஒரு டிகிரிக்கு நம் இரண்டாண்டுப் புகைக்கும் குறைவு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 1,800ஐச் சுற்றியுள்ள வரம்பைப் பாருங்கள்: 310 கோடியிலிருந்து 4,100 கோடி வரை. பதிமூன்று மடங்கு வித்தியாசம். எங்கே தேங்கும், எங்கே வடியும், கடைசிப் பந்திக்காரர்கள் எப்போது வருவார்கள் என்பதெல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று, அனல்மின் நிலையத்தை மூடலாம், காரை நிறுத்தலாம். உருகிய மண்ணில் தின்றுகொண்டிருக்கும் ஆர்க்கியாவிடம் யாரும் உத்தரவு போட முடியாது. பல்லாயிரம் ஆண்டுகளில் சேர்ந்த கார்பனைத் திரும்ப உள்ளே வைக்கவும் வழியில்லை. நம் கையில் மிஞ்சுவது ஒன்றே: உருகாமல் இருக்கும் மண் உருகாமலிருக்க, நம் சொந்தப் புகையைக் குறைப்பது. சிறிய எண் என்பது சும்மா இருப்பதற்குக் காரணமாகாது, நம் புகை குறையக் குறைய இந்த எண்ணின் பங்குதான் பெரிதாகிக்கொண்டே போகும்.

அப்படிப் பெரிதாகும்போது இதை எந்தக் கணக்கில் எழுதுவது? நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் உமிழ்வுக் கணக்கில், மனிதர் பராமரிக்கும் நிலத்திலிருந்து வருவதை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆளில்லாத தூந்திரம் அதில் வராது. கனடாவின் வடக்கிலிருந்தோ அலாஸ்காவிலிருந்தோ அப்படி வெளியேறும் கார்பன் காற்றில் சேர்கிறது, யார் பேரேட்டிலும் ஏறுவதில்லை. நெல் வயலின் மீத்தேனுக்கு இந்தியா கணக்குக் கொடுக்கிறது. அதே குலத்து உயிரிகள் சைபீரியாவின் ஏரியடியில் விடும் மீத்தேனுக்குக் கணக்குக் கொடுக்க ஆளில்லை. நியாயம், அநியாயம் என்ற பேச்சை விடுங்கள். கணக்கில் ஏறாத ஒன்றை அளப்பதற்குப் பணமும் கிடைக்காது என்பது நடைமுறை.

அளவீட்டின் கதி ஏற்கெனவே மோசம். ரஷ்ய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைமண். யெடோமாவின் பெரும்பகுதி அங்கேதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கத்திய நிறுவனங்கள் ரஷ்ய ஆய்வு நிலையங்களோடு உறவைத் துண்டித்துக்கொண்டன. லேனா ஆற்றின் கழிமுகத்தில் ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் ஆண்டுக்கணக்கில் கூட்டாகச் செய்துவந்த வேலை நின்றுபோனது. ரஷ்ய நிலையங்களை விட்டுவிட்டுக் கணித்தால் ஆர்க்டிக்கின் படமே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். இடிந்த சரிவையும் புதிய ஏரியையும் அது நன்றாகவே படம் பிடிக்கும். ஆனால் மீத்தேனை அளக்கும் பெரும்பாலான செயற்கைக்கோள் கருவிகளுக்கு நிலத்திலிருந்து எதிரொளிக்கும் சூரிய வெளிச்சம் வேண்டும். நவம்பர் மாதத்து யாகுட்டியாவில், மேலடுக்கு உறைந்து மூடியபின்னும் நடுவிலுள்ள மண் இன்னும் இளகிக் கிடந்து பந்தி நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், சூரியன் சில மணி நேரம் தொடுவானத்தை உரசிவிட்டு இறங்கிவிடும்.